கதவு எண் போதாதாம்

தண்டையார்பேட்டையில் முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருக்கும் நான், அம்மாவின் மாத்திரைக்காகக் கதவு எண், தெருப் பெயர், பின்கோடு எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகும், லொக்கேஷனைத் திறந்தால்தான் அடுத்த பக்கம் வரும் என்று ஒரு செயலி அடம்பிடிப்பது பெரும் எரிச்சலாக இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவது நம் கையிலுள்ள போன்தான், அதை வெளியே அனுப்புவது செயலிதான். தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கும் வாய்ப்பை 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 நமக்குத் தந்தது. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன், 'துல்லியமான இடம் தேவை' என்ற அதே பெட்டி நான்கு முறை எழுந்து வந்தது. இரவு மாத்திரை தீர்ந்திருந்ததால் ஐந்தாம் முறை அனுமதித்தேன். இதை எப்படிச் சம்மதம் என்பது? மருந்தோடு வந்த தம்பியும் தெருமுனையில் நின்று, "எந்த வீடு சார்?" என்று போன் செய்துதான் கேட்டார்.