குளத்துக்குச் சேறும் காட்டுக்குச் சருகும்

தை மாதத்தில் ஒரு ஞாயிறு முழுக்கக் கையில் கிடைத்தால், பறவை பார்க்க எங்கள் கோவையில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. காலையில் சிங்காநல்லூர் குளம், வெயில் ஏறுவதற்குள் சூலூர், மதியத்துக்கு மேல் ஆனைகட்டிப் பக்கத்துக் காடு. போன வாரம் அப்படித்தான் சுற்றிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

சிங்காநல்லூரில் தண்ணீர் வடிந்த ஓரத்தில்தான் அத்தனை கூட்டமும். கொசு உள்ளான் 25 கிராம் சொச்சம் இருக்கும். ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்கு இங்கே வந்து ஈரச் சேற்றில் ஓடி ஓடிப் பூச்சி கொத்துகிறது. குட்டைக் கால், ஆழத்துக்கு இறங்காது. பொறி மண்கொத்தி கொஞ்சம் தள்ளி, கால் நனையும் தண்ணீரில். நெடுங்கால் உள்ளான் இன்னும் உள்ளே. அதற்கும் அப்பால் ஊசிவால் வாத்து தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கிக்கொண்டு அடிமண்ணைத் துழாவுகிறது. அவரவர் காலுக்கும் அலகுக்கும் ஏற்றபடி போட்ட பந்தி அது. கரை மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கினால்தான் இந்தப் பந்தி நடக்கும்.

அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி அந்தச் சரிவைத்தான் முதலில் எடுத்துவிடுகிறோம். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் பக்கமெல்லாம் நடைபாதையும் விளக்கும் வந்துவிட்டன. குழந்தைகளோடு மக்கள் காலாற நடப்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான், நகரத்துக்கு அது வேண்டும். ஆனால் சுற்றிலும் கல் பதித்து, வருஷம் முழுக்கத் தண்ணீரைத் தளும்பத் தளும்ப நிறுத்தினால் குளத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பது பெரிய தவறு. அப்படிப்பட்ட குளத்தில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் பிழைத்துக்கொள்ளும். உள்ளான்களுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. கோடையில் குளம் வற்றுவதும் கேடல்ல, ஏரித் தண்ணீர் ஏறி இறங்குவதுதான் இயல்பு. சாக்கடை கலப்பதையும் ஆகாயத்தாமரை மூடுவதையும் தடுக்கத்தான் காசு செலவழிக்க வேண்டும்.

காட்டிலும் இதே கதைதான். ஆனைகட்டியில் சருகுக்கு நடுவே ஓர் ஆறுமணிக்குருவியைப் பார்த்தேன். பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு என்று அத்தனை நிறம் இருந்தும், அது அசையும்வரை கண்ணுக்குத் தெரியவில்லை! இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டுகிற பறவை, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. கொஞ்ச தூரத்தில் கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில் ஆட்டும். இரண்டுமே சருகைக் கிளறித்தான் சாப்பிடுகின்றன. காட்டை ஒட்டித் தோட்டம், விடுதி வைத்திருப்பவர்கள் இலை விழ விழக் கூட்டித் தீ வைக்கிறார்கள். அவர்களுக்கு அது குப்பை. இவற்றுக்கு அதுதான் சோறு.

சிங்காநல்லூர் குளம் 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. மற்ற குளங்களிலும் ஒரு கரையையாவது கல்லும் விளக்கும் இல்லாமல் விட்டுவைக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கையில் கணக்கும் வேண்டும். 2015-இலிருந்து பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். அதற்குப் போகிறவர்கள் பறவைப் பட்டியலோடு, எந்தக் கரையில் நின்று பார்த்தீர்கள், அங்கே இருப்பது சேறா கல்லா என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.