பாட்டை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் வாங்கி வருகிறோம்

போன ஞாயிற்றுக்கிழமை நயா போய் வந்தேன். எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று நாலு நாளாகத் தள்ளிப்போட்டு, நேற்று ஃபிரேம் கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தையில் எரிச்சலாகி இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அது என்ன வார்த்தை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

நயா, மேற்கு வங்காளத்தில் மேற்கு மேதினிப்பூர் மாவட்டம், பிங்களா பக்கத்தில் இருக்கிற சின்ன கிராமம். படச்சுருள் வரைகிற பட்டுவாக்களின் ஊர். (பட்டுவா. நம்ம ஊர் ‘படவா’ இல்லை. ‘நாளைக்கு பட்டுவாக்களைப் பார்க்கப் போறேன்’ என்று வாட்ஸப்பில் போட்டதும் மதுரைக்கார நண்பர் ஒருவர் ‘யாரைத் திட்டுற?’ என்று கேட்டார்.) அவர்கள் எழுதுகிற சுருளுக்குப் பெயர் பட். வங்காளிகள் வாயில் அது ‘பொட்’ என்று வரும். துணி என்பதுதான் அந்தச் சொல்லின் மூலம். நம் ‘படம்’ என்ற சொல்லுக்கும் பழைய அகராதியில் துணி, சீலை என்ற பொருள் உண்டு. ஆக அவர்களுடைய பட், நம்முடைய படம், இரண்டும் பங்காளிகள். இன்னொன்று, அந்த ஊரில் யாரும் ‘பட் வரைகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘எழுதுகிறேன்’ என்றுதான் சொல்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் ஓவியத்தை எழுதியவர்கள்தானே. இதைக் கூட வந்த வங்காளி நண்பரிடம் சொன்னபோது அவர் ரயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரி ‘அப்படியா!’ என்றார்.

ஹவுராவிலிருந்து காலை லோக்கல் ரயில். பாலிசக் ஸ்டேஷனில் இறங்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வழியில் பொரி, வேர்க்கடலை, ஆரஞ்சு, நகவெட்டி, பல்வலி மருந்து எல்லாம் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். பாலிசக்கிலிருந்து ஒரு வண்டி பிடித்து நயா. வயல், குளம், வாழை, மறுபடியும் குளம். பயணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஊருக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான், மறைக்க விரும்பவில்லை. சுவர்களில் எல்லாம் மீனும் யானையும் துர்க்கையும் இருந்தன, அழகுதான். ஆனால் ஒவ்வொரு திண்ணையிலும் கொடியில் டிஷர்ட் தொங்குகிறது, துப்பட்டா தொங்குகிறது, கீழே வரிசையாக அலுமினியக் கெட்டில், லாந்தர் விளக்கு, தட்டு, சாவிக்கொத்து, எல்லாவற்றிலும் அதே பெரிய கண் வைத்த முகம். கண்காட்சி ஸ்டால் ஒன்றை ஊர் அளவுக்கு இழுத்து விரித்த மாதிரி இருந்தது. இதைப் பார்க்கவா இருட்டில் எழுந்து வந்தோம் என்று நினைத்தேன்.

நண்பருக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போனோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு தீதி (வங்காளியில் அக்கா). பாய் விரித்தார், பால் இல்லாத டீ கொடுத்தார், அப்புறம் மூலையில் விறகு அடுக்கிய மாதிரி அடுக்கியிருந்த சுருள்களைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்: ‘பாட்டு கேட்கிறீர்களா, படம் மட்டும் பார்த்தால் போதுமா?’

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. பாட்டு என்பது வியாபாரத்துக்கு நடுவே வருகிற ஒரு உபசாரம் என்று நினைத்துக்கொண்டு, ‘இருக்கட்டும், பாடுங்கள்’ என்று ஏதோ சலுகை காட்டுகிற தோரணையில் சொல்லித் தொலைத்தேன்.

அவர் எடுத்தது மனசா பட். மனசா, பாம்புகளின் தேவி. சாந்த் சதாகர் என்ற வணிகன் அவளைக் கும்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான், அவள் அவன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கொல்கிறாள். கடைசிப் பிள்ளை லகிந்தருக்குக் கல்யாணம். பாம்பு நுழையாதபடி முதலிரவுக்கு இரும்பில் அறை கட்டுகிறார்கள், அதிலும் ஒரு பொட்டு ஓட்டை விட்டுப்போகிறது. சுருளின் மேல்முனையை இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார், வலது கையின் ஆள்காட்டி விரல் படத்தின் மேல். பாட்டு தொடங்கியதும் அந்த விரல் நகர ஆரம்பித்தது. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன், வயல்வெளியில் நாலு வீடு தள்ளி இருக்கிறவருக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல். ஒரு கட்டத்துக்கான பாட்டு முடியும்போது, கையைப் பார்க்காமலேயே, சுருள் ஒரு சாண் கீழே இறங்கி அடுத்த கட்டம் வந்து நிற்கிறது. பாம்பு இரும்பு அறைக்குள் போகும் இடத்தில் விரல் அந்த ஓட்டையில் நின்றுவிட்டது. பாட்டு மேலே போகிறது, விரல் நகரவில்லை. எனக்கு வங்காளி அரைகுறை, ஆனால் அந்த இடத்தில் மொழி தேவைப்படவில்லை.

அப்புறம் லகிந்தரின் மனைவி பெஹுலா புருஷன் உடலை வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு போகிறாள், தேவர்கள் முன்னால் ஆடி உயிரை மீட்கிறாள். சாந்த் சதாகரும் இறங்கி வந்து மனசாவுக்குப் பூப் போடுகிறான், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடது கையால். அந்தக் கட்டத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தீதியும் பாடிக்கொண்டே சிரித்தார். கடைசி வரியில் தன் பெயரையும் நயா கிராமத்தையும் பாட்டிலேயே சொல்லி முடித்தார். பணிதா என்கிறார்கள் அதை, படத்துக்குக் கையெழுத்து மாதிரி பாட்டுக்கு அது.

சுருளைச் சுற்றி வைத்ததும்தான் எனக்கு உறைத்தது. அவ்வளவு நேரம் நான் ‘படம் பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது.

இந்த ஊர்க்காரர்கள் முன்பெல்லாம் படத்தை விற்றதே இல்லை. சுருள்களைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், வாசலில் உட்கார்ந்து விரித்துப் பாடுவார்கள், கேட்டவர்கள் அரிசியோ காசோ பழைய புடவையோ கொடுப்பார்கள், சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர். கூலி பாட்டுக்குத்தான். படம் பாட்டுக்குப் பிடித்த விளக்கு. இன்றைக்கு அது அப்படியே தலைகீழ். படத்துக்கு விலை, பாட்டு ஓசி. புடவைக் கடையில் கலர் குடிப்பதற்குக் கொடுக்கிற மாதிரி. நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே ஒரு குடும்பம் வந்தது, தீதி பாட வாய் திறந்ததும் ‘டைம் இல்லை, அந்த மயில் எவ்வளவு?’ என்று கேட்டு, சொன்ன விலையில் பாதிக்குப் பேரம் பேசி, கிடைக்காமல் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. முழுப் பாட்டையும் போனில் வீடியோ எடுத்துவிட்டு, பாட்டுக்கென்று ஒரு ரூபாய் தர வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் சுருள் விலையைக் கேட்டவன் நான். நண்பர்தான் காதருகே வந்து ‘முதலில் பாட்டுக்குக் கொடு’ என்றார்.

நிறம் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. முற்றத்தில் தீதியின் மகள் சங்குப்பூவைத் துணியில் வைத்துக் கசக்கி, கொட்டாங்கச்சியில் சொட்டச் சொட்டப் பிழிந்துகொண்டிருந்தாள். நீலம். மஞ்சளுக்கு மஞ்சள்தான். பச்சைக்கு அவரை இலை, ஊதாவுக்குக் கொடிப்பசலைப் பழம், கறுப்புக்கு விளக்குக் கரி, சிவப்பு வகைகளுக்குத் தேக்கு இலையும் ஜாப்ரா விதையும். தேக்குக் கொழுந்தை உள்ளங்கையில் தேய்த்து ரத்தம் ரத்தம் என்று வீட்டில் பயமுறுத்தியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர்? நானும்தான். அது ஒரு பெயிண்ட் என்று அப்போது தெரியாது. எல்லாவற்றிலும் வில்வக்காயின் கோந்து கலக்கிறார்கள், இல்லாவிட்டால் நிறம் ஒட்டாது. வரைந்து முடித்த தாளின் முதுகில் பழைய புடவைத் துணியை ஒட்டுகிறார்கள், ஆயிரம் தடவை சுருட்டி விரித்தாலும் கிழியாது. டிஷர்ட்டுக்கும் கெட்டிலுக்கும் இந்த நிறம் செல்லாது, தண்ணீர் பட்டால் போய்விடும், அதற்குக் கடையில் வாங்கிய பெயிண்ட். ஆக கெட்டில் வாங்கினால் பாட்டும் இல்லை, சங்குப்பூவும் இல்லை. (ஒரு கெட்டில் நானும் வாங்கினேன். அம்மாவுக்கு.)

இன்னொரு விஷயம். நயா பற்றி யார் எழுதினாலும் முதல் வரியிலேயே வந்துவிடும்: முஸ்லிம்கள் இந்து தெய்வங்களை வரைகிறார்கள், ஆஹா. உண்மைதான். பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள், எல்லாருக்கும் குடும்பப் பெயர் சித்ரகர், பலருக்கு இரண்டு பெயர்கள் உண்டு, துர்க்கையும் கிருஷ்ணனும் எழுதுகிற அதே கை காஜி பீர் என்ற முஸ்லிம் மகானின் கதையும் எழுதும். ஆனால் இது நமக்குத்தான் அதிசயம், அவர்களுக்குப் பிழைப்பு. பிரம்மவைவர்த்த புராணத்தில் சித்திரக்காரர்கள் விஸ்வகர்மாவின் பிள்ளைகள், சாஸ்திரப்படி வரையாததால் சாபம் வாங்கித் தாழ்ந்து போனார்கள் என்று ஒரு கதை வருகிறது. அந்தப் பக்கம் சாமி படம் எழுதுகிறாயே என்று கேள்வி, இந்தப் பக்கம் நீ யார் எழுத என்று கேள்வி, நடுவே தலைமுறை தலைமுறையாக நின்றவர்கள். நானும் அசட்டுத்தனமாக இதைக் கேட்டேன். தீதி மீன் கல்யாணம் பட்டை எடுத்து, ‘இதில் மீன் எந்த மதம்?’ என்று கேட்டுவிட்டு விரிக்க ஆரம்பித்துவிட்டார். ஊர் மீன்கள் எல்லாம் கூடிக் கல்யாணம் நடத்துகின்றன, கடைசியில் போவால் என்கிற பெரிய மீன் வந்து எல்லாரையும் விழுங்குகிறது. மதத்தைவிட அரசியல் அதில் அதிகம் என்று எனக்குப் பட்டது.

புராணம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்ததற்கு பட் உண்டு. எய்ட்ஸுக்கு உண்டு, கொரோனாவுக்கு உண்டு. சுனாமிக்கும் உண்டு. 2004 சுனாமி பட் ஒன்றைப் பக்கத்து வீட்டில் விரித்தார்கள். அலை ஒரு ராட்சசியின் முகமாக வாயைத் திறந்துகொண்டு வருகிறது, அடியில் சின்னச் சின்ன மனிதர்கள், வீடுகள், மாடு. எங்கள் ஊர்க்கதையை, கடலே பார்க்காத ஒரு கிராமத்தில், வேற்று மொழியில் ஒப்பாரியாகக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாகப்பட்டினத்தில் என் சித்தப்பா வீடு இருந்தது. நான் எழுந்து போய்க் குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். 2009-இல் சென்னைப் பதிப்பகம் ஒன்று இந்த ஊர்ப் பாணி சுனாமிச் சுருளை, சுருள் போலவே மடித்து விரிக்கிற புத்தகமாகப் போட்டிருக்கிறது, அதில் பாட்டும் இருக்கிறது. அப்படி யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

2018-இல் வங்காளப் பட்சித்திரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷா வருஷம் நவம்பரில் ஊரிலேயே பட் மாயா என்று விழா நடக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், இங்கிருந்து பெண்கள் வெளிநாடு போய்ப் பாடிவிட்டு வருகிறார்கள். ஒரு காலத்தில் ஆண்கள்தான் சுருளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், இப்போது ஊரின் முகமே பெண்கள்தான். நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. டிஷர்ட் விற்றுப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறவரைப் பார்த்து ‘கலை கெட்டுப்போச்சு’ என்று புலம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. அவர்கள் பசியோடு பாடிக்கொண்டிருக்க வேண்டும், நாம் ரசிக்க வேண்டும், இது என்ன நியாயம்? என் கோபம் வாங்குகிற நம் மேல்தான். போகிறவர்கள் பாட்டைக் கேளுங்கள், பாட்டுக்குத் தனியாகக் காசு கொடுங்கள், வாங்குகிற சுருளுக்கு உண்டான பாட்டை ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். நான் கேட்டபோது தீதிக்கே ஆச்சரியம். மகள் பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் கிழித்து எழுதிக் கொடுத்தாள்.

சரி, ஃபிரேம் கடை. மனசா பட்டை எடுத்துக்கொண்டு போனேன். விரித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: ‘சார், இவ்வளவு நீளத்துக்குக் கண்ணாடி கிடைக்காது. ஏழு கட்டம் இருக்கு, ஏழா வெட்டி ஏழு ஃபிரேம் போட்டுடலாம், சோபாவுக்கு மேல சூப்பரா இருக்கும்.’ கத்தரியைக் கையில் வேறு எடுத்துவிட்டார். பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது அது பீரோ மேல் சுருளாகவே இருக்கிறது. நேற்று ராத்திரி பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்டார் என்று தரையில் உட்கார்ந்து, போனில் தீதி பாட, நான் சுருளை இறக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அவர் தன் பெயரையும் நயாவையும் பாடி முடித்துவிட்டார், என் விரல் இன்னும் வாழைத் தெப்பத்தில் நிற்கிறது.