மைக்கை ஏன் வாங்கினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. உங்களில் பாதிப்பேர் அங்கேயே இருந்தீர்கள், மற்றவர்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பிள்ளையை அடக்கம் பண்ணி இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு தாய், தேவன் தன் வாழ்க்கையில் நடத்தியதைச் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொல்ல எழுந்து, "ஏன் ஆண்டவரே என்றுதான் தினமும் கேட்கிறேன்" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், ஆராதனையை நடத்தியவர்கள் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிவிட்டார்கள். "முறுமுறுக்காதீங்க சிஸ்டர், ஒப்புக்கொடுத்துடுங்க." சபை முழுவதும் ஆமென் சொன்னது. நான் சொல்லவில்லை, ஆனால் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மூன்று நாளாக அதுதான் உறுத்துகிறது.

தேவனுடைய சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பது என்றால் வாயை மூடிக்கொள்வது இல்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு முதலில் என்ன கேட்டார்? "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று, அதாவது இந்தப் பாடு வேண்டாம் என்று கேட்டார். மத்தேயு எழுதியதைப் பாருங்கள், மூன்று தரம் போய் அதையே ஜெபித்தார். லூக்கா அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப் போல விழுந்தது என்கிறார். "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்பது அந்த வேதனையின் உள்ளேயிருந்து வந்த வார்த்தை. நாம் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் எடுத்து அழுகிறவர்கள் கையில் கொடுக்கிறோம்.

உடனே எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டு வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரைச் சொல்வீர்கள், தெரியும். நேற்றே இரண்டு பேர் அந்த வசனத்தை அனுப்பிவிட்டீர்கள். அவர்கள் வேறு ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்பிப் போகலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டவர்கள். இந்தத் தாய் எங்கே போனார்? சபைக்குத்தானே வந்தார்? ஆண்டவரிடம்தானே கேட்டார்? தேவனைவிட்டு ஓடுகிறவனின் பேச்சும் தேவனைப் பிடித்துக்கொண்டு அழுகிறவளின் கேள்வியும் உங்கள் காதுக்கு ஒன்றாகவா கேட்கிறது?

அப்புறம் யோபு, ஒரே நாளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தவர். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பதை ஒவ்வொரு அடக்க ஆராதனையிலும் சொல்கிறோம். அது முதலாம் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக தேவனோடு வழக்காடுகிறார். கடைசியில், 42-ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய கோபம் யார்மேல் வந்தது? யோபுக்கு ஆறுதல் சொல்ல வந்து, தேவனுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்த எலிப்பாஸ்மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர்மேலும். அந்த மூன்று பேரும் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: ஆரம்பத்தில் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மால் ஏழு நிமிடம் முடியவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் அம்மா எட்டு மாதம் படுக்கையில் இருந்தார், எட்டு மாதமும் சுகத்துக்காக ஜெபித்தோம், போய்விட்டார். கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு மூப்பர் என் தோளைப் பிடித்து, "நீ இப்படி அழுதால் அம்மா பரலோகத்தில் இருப்பதை நம்பவில்லை என்று அர்த்தம்" என்றார். அழுகையை நிறுத்திவிட்டேன். அதோடு ஜெபமும் நின்றுபோனது, அது யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் சபையில் கைகளை உயர்த்தி நின்றேன், உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாரும் என்னை நல்ல விசுவாசி என்றார்கள். பிறகு ஒரு ராத்திரி 88-ஆம் சங்கீதத்தை வாசித்தேன். அதன் முடிவில்கூட ஆறுதல் கிடையாது, புலம்பலோடுதான் முடிகிறது. இதையும் வேதத்தில் வைத்திருக்கிறாரே என்று உடைந்துபோய், "ஏன் எடுத்தீர்" என்று சத்தம் போட்டுக் கேட்டேன். நான் உண்மையாக ஒப்புக்கொடுத்தது அன்றைக்குத்தான். பதில் வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஜெபிக்க முடிந்தது.

"சபையில் ஒழுங்கு வேண்டாமா, பலவீனமான விசுவாசிகள் இடறமாட்டார்களா" என்று ஒருவர் கேட்டார். சரி, ஒழுங்கு வேண்டும். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் மிகவும் பலவீனமாக இருந்தது யார்?

"நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற எபிரெயர் வசனத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். நான் கீழ்ப்படிகிறேன், இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். ஆனால் மந்தையை இறுமாப்பாய் ஆளாமல் மாதிரியாக இருங்கள் என்று பேதுரு எழுதினது அந்த நடத்துகிறவர்களுக்குத்தானே? தேவனுக்கு ஒப்புக்கொடு என்று நீங்கள் சொல்வது, என்னைக் கேள்வி கேட்காதே என்று எங்கள் காதில் விழ ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. இரண்டும் ஒன்று இல்லை. இயேசு பிறப்பார் என்று சொல்ல வந்த காபிரியேல் தூதனையே மரியாள் "இது எப்படியாகும்" என்று கேட்டாள், கேட்ட பிறகுதான் "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்றாள். தூதன் அவள் வாயை அடைக்கவில்லை, பதில் சொன்னான். தன் சித்தத்தை ஒருவர் தானாகத்தான் தேவனுடைய கையில் வைக்க முடியும். பக்கத்தில் நிற்கிறவர் பிடுங்கி வைக்க முடியாது.

இதற்காக என்னைக் கலகக்காரர் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், வலிக்கத்தான் செய்யும். இந்தச் சபையை நான் நேசிக்கிறேன், இங்கேதான் ஞானஸ்நானம் எடுத்தேன், விட்டுப் போகமாட்டேன்.

அக்கா, நீங்கள் இதை வாசிப்பீர்களோ தெரியாது. அன்றைக்கு எழுந்து நிற்காததற்கு மன்னித்துவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன். பாதியில் நின்ற அந்தச் சாட்சியை மைக் இல்லாமல் என்னிடம் முழுதாகச் சொல்லுங்கள்.