49ஆம் தெருவில் வகுப்பு, 47ஆம் தெருவில் மேடை

போன மாதம் பையனைச் சிகாகோவில் ஒரு ஜாஸ் க்ளப்புக்குக் கூட்டிப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மது விற்கிற இடம், 21 வயது ஆகியிருக்க வேண்டும், இவனுக்குப் பதினாறு. முன்பே விசாரிக்காதது என் தப்பு. ஆனால் சாக்ஸபோன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே வந்த வாசிப்பை அவன் எட்டி எட்டிக் கேட்டது மனசை விட்டுப் போகவில்லை.

அவன் படிப்பது வசதியான புறநகர்ப் பள்ளி. புதுக் கருவிகள், போட்டிக்குப் போகப் பேருந்து, அலமாரி நிறையக் கோப்பை. இசைத்தாள் எதிரில் இருந்தால் பிசிறில்லாமல் வாசிப்பான். தாளை எடுத்துவிட்டு, "எஃப் சுருதியில் ப்ளூஸ், பன்னிரண்டு பார் (தாளக்கட்டு), நீயாக ஏதாவது வாசி" என்றால் விரல் நின்றுவிடும். முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் சொதப்பி, அப்புறம் சமாளித்து எழுந்த பழக்கம் அவனுக்கு இல்லை. அதைப் பள்ளியில் மட்டும் சொல்லித்தர முடியாது என்பது என் கட்சி.

இதே சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் டூசாபிள் என்று ஒரு உயர்நிலைப் பள்ளி இருந்தது. 1935இல் திறந்தது. அங்கே வால்டர் டயட் என்று ஒரு இசை ஆசிரியர். ராணுவ பேண்டை நடத்தியவர் என்பதால் பையன்களுக்கு அவர் 'கேப்டன்'. ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன் என்று பேர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர்கள் எல்லோரும் அவர் கையில் பட்டை தீட்டப்பட்டு வந்தவர்கள். ஒரே பள்ளியில் இத்தனை பேர் எப்படி? வாத்தியார் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் வரைபடத்தையும் கொஞ்சம் பாருங்கள். பள்ளி 49ஆம் தெருவில். பெரிய பெரிய பேண்டுகள் வந்து வாசித்த ரீகல் தியேட்டர் 47ஆம் தெருவில். வகுப்பிலிருந்து மேடைக்கு நடந்தே போய்விடலாம். (கறுப்பின மக்களை வேறெங்கும் வீடு வாங்க விடாமல் அந்தப் பகுதிக்குள் நெருக்கி வைத்ததால் வந்த அக்கம்பக்கம் அது. அதையும் சொல்லாமல் விடக் கூடாது.)

வான் ஃப்ரீமன் கடைசிவரை ஊரை விட்டுப் போகவில்லை. 75ஆம் தெருவில் ஒரு சின்ன பாரில் செவ்வாய்க்கிழமை இரவுதோறும் வாசிப்பார். முதல் சுற்று அவருடையது, அப்புறம் கருவியோடு வந்து காத்திருக்கும் இளைஞர்களுக்கு மேடை. பல வருடங்கள் இப்படி நடந்தது. அதற்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் டயட்டின் வகுப்பு அங்கேதான் தொடர்ந்தது என்று நான் சொல்வேன். ஃப்ரீமன் 2012இல் காலமானார்.

டயட் பெயரிலேயே ஒரு பள்ளி இருந்தது. நகர நிர்வாகம் அதை 2015இல் மூடியது. பெற்றோரும் அக்கம்பக்கத்தாருமாகப் பன்னிரண்டு பேர் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது பசுமைத் தொழில்நுட்பப் பள்ளி. 2016இல் திறந்தது கலைப் பள்ளி. கேட்டதைக் கொடுக்காதது நியாயமில்லைதான். அந்தப் பெயரோடு மறுபடி ஒரு இசை வகுப்பு வந்ததில் எனக்குச் சந்தோஷம் என்பதையும் மறைக்க முடியவில்லை.

க்ளப் என்றாலே பிள்ளைகளுக்கு ஆகாது என்பவர்கள் சிகாகோவின் ஜாஸ் ஷோகேஸ் க்ளப்பைப் பாருங்கள். ஜோ சீகல் 1947இல் கல்லூரி மாணவராக இருக்கும்போது ஆரம்பித்த கச்சேரி வரிசை, இன்று டியர்பார்ன் ஸ்டேஷன் கட்டடத்தில் நடக்கிறது. ஞாயிறு மாலை 4 மணிக் காட்சிக்கு எந்த வயதினரும் போகலாம். கோப்பைக்காக மூன்று மணி நேரம் பேருந்து ஓட்டும் பள்ளிகள், மாதம் ஒரு ஞாயிறு அந்த வண்டியை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன?

போன ஞாயிறு நாங்கள் போனோம். மேடையிலிருந்து ஆறடி தூரம். பையன் சாக்ஸபோன்காரரைப் பார்க்கவே இல்லை. டிரம்மரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இடையில் அந்த சாக்ஸபோன்காரர் ஒரு இடத்தில் தடுமாறினார், அதே தப்பான சுரத்தை வேண்டுமென்றே இன்னும் இரண்டு முறை வாசித்துவிட்டுச் சிரித்தார். பையன் என் தொடையைக் கிள்ளினான்.

வரும் ஞாயிறும் போகிறோம். வண்டியில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. புறநகர் நண்பர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.