12 வோல்ட் ரிலேவுக்கு டயோடு வேண்டாமா? பரவும் தகவல் தவறு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் தானியங்கி போர்டுகளில் இருக்கும் ரிலே (காயில் எனும் கம்பிச் சுருள் காந்தமாகி இயக்கும் சுவிட்ச்) பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "12 வோல்ட் கொடுக்கும் காயிலில் 12 வோல்ட்டுக்கு மேல் வராது, ரிலே மேல் டயோடு வீண் செலவு."

தவறு. ஓடும் மின்னோட்டம் சட்டென நிற்பதைக் காயில் விடாது; அறுத்தால், தொடர்ந்து ஓடவைக்கத் தானே பெரிய வோல்ட்டேஜை எழுப்பும். ஒரே திசையில் மட்டும் கடத்தும் டயோடைக் காயிலுக்குக் குறுக்கே போட்டால், அந்த மின்னோட்டம் அதன் வழியே சுற்றி அடங்கும்; இல்லாவிட்டால்தான் சிக்கல். 400 ஓம் ரிலேயில் 30 மில்லி ஆம்பியர் ஓடும். காயிலின் தூண்டல் (இண்டக்டன்ஸ்) 0.5 ஹென்றி என்று வைத்து, அந்த மின்னோட்டம் 10 மைக்ரோ செகண்டில் அறுந்தால் கணக்குப்படி 1500 வோல்ட். அது வரை ஏறுமுன்பே, ரிலேயை ஆன்-ஆஃப் செய்யும், 45 வோல்ட் தாங்கும் பிசி547 டிரான்சிஸ்டர் உடைந்து கடத்திவிடும். சில போர்டுகள் இப்படியே மாதக்கணக்கில் ஓடும், பிறகு ரிலே ஒட்டியபடியே நிற்கும், தொட்டி வழியும்.

"மீட்டரில் 12 தானே காட்டுது" என்பார்கள். அந்தத் துடிப்பைப் பிடிக்கும் வேகம் சாதாரண மல்டிமீட்டருக்குக் கிடையாது. காயிலுக்குக் குறுக்கே டெஸ்டர் நியான் பல்பை வைத்து, பேட்டரி வயரைக் கையால் எடுத்துப் பாருங்கள் (காயில் முனைகளைத் தொடாமல்). எரிய சுமார் 90 வோல்ட் கேட்கும் பல்பு, எடுக்கும் நொடியில் மின்னும்.

1என்4007 டயோடு போதும், விலை ஓரிரு ரூபாய். வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். திருப்பிப் போட்டால் காயில் ஷார்ட் ஆகி டிரான்சிஸ்டர் உடனே போகும்.

230 வோல்ட் ஏசி கான்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய ரிலே) காயிலுக்கு மட்டும் டயோடு போடவே கூடாது. ஒரு அரைச் சுற்றில் நேரடி ஷார்ட். அங்கே 100 ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின்ஸ் மின்சாரத்துக்கான ரகம்) கெபாசிட்டர், இரண்டும் தொடராக, காயிலுக்குக் குறுக்கே.