கரை வரைக்கும் கூட்டு, கரையேறிய பிறகு தனி

டிஜிட்டல் இடைவெளி பற்றி யார் பேசத் தொடங்கினாலும் “டவர் போடுங்கள், பிள்ளைகளுக்கு டேப் கொடுங்கள்” என்பதில்தான் கடைசியில் வந்து நிற்கிறது. இரண்டும் வேண்டும்தான். ஆனால் இலங்கை மாதிரி ஒரு சின்ன நாடு இதைத் தனியாக இழுத்து முடிக்க முடியாது என்பதை நாம் பேசுவதே இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பதிவு நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நமக்கு இணையம் வந்து சேரும் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து காலி வீதியில் வெள்ளவத்தை, தெஹிவளை தாண்டினால் கல்கிசை. ஸீ-மீ-வீ 3 என்ற கடலடிக் கேபிள் கரையேறியது அங்கேதான். 2005 இல் ஸீ-மீ-வீ 4 கொழும்புக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் வரை ஏறத்தாழ 18,800 கிலோமீற்றர். இதை ஒரு நாடு போடவில்லை. வழியில் இருக்கிற நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் கூட்டாகக் காசு போட்டு இழுத்தன. 2006 இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் நடுவே இன்னொரு கேபிள். மாத்தறையில் ஸீ-மீ-வீ 5. சேர்ந்ததால்தான் கடலைத் தாண்டினோம். கரையேறியதோடு அந்தச் சேர்க்கை முடிந்துவிட்டது. விலை, மொழி, பயிற்சி, மென்பொருள் எல்லாவற்றிலும் அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தனித்தனிப் பாடு.

அந்தக் கேபிளின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது? தொகைமதிப்புத் திணைக்களம் கணினி அறிவை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறது. எந்த வருடத்து அறிக்கையை எடுத்தாலும் அடியில் கிடப்பது தோட்டம்தான். கொவிட் காலத்தில் பதுளைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டுக்குள் மலையேறிப் போன படங்களை உலகமே பார்த்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒரு போனை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் முறை போட்டுப் படித்ததை யாரும் படம் எடுக்கவில்லை.

ஆனால் சிக்னல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில், போன், இணையம், அச்சு வேலை செய்து தரும் ஏதாவது ஒரு கொமினிகேஷன் கடையில் ஒரு மணித்தியாலம் நின்று பார்க்க வேண்டும். நான் நின்றிருந்த ஒரு நாள், கொழும்பில் வீட்டு வேலை செய்கிற, மலையகத்து மஸ்கெலியா அக்கா ஒருவர் வந்தார். கையில் நல்ல ஸ்மார்ட் போன், டேட்டாவும் இருந்தது. “தம்பி, அம்மாவோட பேரு லிஸ்ட்ல வந்துருச்சான்னு பாத்துச் சொல்லுங்களேன்” என்றார். ஏதோ ஓர் உதவித் திட்டத்தின் பெயர்ப்பட்டியல். கடைப் பையன் தட்டிப் பார்த்துவிட்டு, “தமிழ்னு இருக்கிறத அமத்தினா திரும்பவும் இங்கிலிஷ் பக்கத்துக்கே போகுதக்கா” என்றான். பிறகு எங்கேயோ தேடித் தமிழ்ப் பிடிஎப் ஒன்றை எடுத்தான். அதுவும் பழைய பாமினி எழுத்துருவில் செய்தது. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். தேடும் பெட்டியில் பெயரை அடித்தால் ஒன்றும் கிடைக்காது. பக்கம் பக்கமாக விரலால் தள்ளி, ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே போனான். அக்கா கவுண்டரில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் கிடைத்தது, அச்செடுத்தார், காசு கொடுத்துவிட்டுப் போனார். இவ்வளவுக்கும் அந்தப் பட்டியலை அவருடைய போனிலேயே, அவருடைய மொழியிலேயே பார்த்திருக்கலாம். டவர் இருந்தது, போன் இருந்தது, இடைவெளியும் அப்படியே இருந்தது.

கொழும்பில் 2004 இலிருந்து இயங்கும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் தெற்காசியாவில் நடத்திய ஆய்வுகளும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன. இணையம் பாவிக்காதவர்களிடம் காரணம் கேட்டபோது, இணையம் என்றால் என்னவென்றே தெரியாது என்பதுதான் பெரிய பதிலாக வந்தது. 2024 இல் உலகத்தில் இன்னும் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்ததாக சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்குச் சொன்னது. அதில் நம் பிராந்தியத்தின் பங்கு சின்னது இல்லை.

பக்கத்து நாடுகள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரத்தில் தேட வேண்டாம். திரிபுரா இந்தியாவின் வடகிழக்கு மூலை. மூன்று பக்கம் பங்களாதேஷ். இந்தியாவின் மற்றப் பகுதிகளிலிருந்து அங்கே இணையம் போக வேண்டுமானால் சிலிகுரி வழியாகச் சுற்றி, மலை கடந்து போக வேண்டும். அகர்தலாவிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் பங்களாதேஷ் எல்லை. 2016 மார்ச் 23 அன்று பங்களாதேஷின் கொக்ஸ் பஸாரில் கரையேறிய இணைப்பிலிருந்து 10 ஜிகாபிட் வேகத்தை அகர்தலாவுக்குத் திறந்துவிட்டார்கள். அதே நாளில் திரிபுராவின் 100 மெகாவாட் மின்சாரம் பங்களாதேஷுக்குப் போகத் தொடங்கியது. அவனிடம் கேபிள், இவனிடம் மின்சாரம். இவ்வளவுதான் விஷயம். உச்சிமாநாட்டுப் பிரகடனம் எதைவிடவும் எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

இலங்கையும் கொடுத்திருக்கிறது, வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. நம் ஆட்களே இதை மறந்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பதிவுசெய்து கண்காணிக்க, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டிஎச்ஐஎஸ்2 என்ற, சுகாதாரத் தகவல்களைத் திரட்டும் திறந்த மென்பொருளில் இங்கேயுள்ள குழு ஒன்று கொவிட் பதிவு முறையை உருவாக்கியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் தகவலியல் படித்த மருத்துவர்களின் உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. செய்ததைப் பூட்டி வைக்காமல் வெளியே கொடுத்தார்கள். பிறகு அதை அடிப்படையாக வைத்து எத்தனையோ நாடுகள் தங்கள் முறையை அமைத்துக்கொண்டன, நோர்வேயின் நகரசபைகள்கூட. பணக்கார நாடு எழுதிய மென்பொருளை ஏழை நாடு மெருகேற்றித் திருப்பிக் கொடுத்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து நாம் வரிசையில் நிற்பதற்கு இரண்டு வருடம் முந்திய கதை இது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் அண்மைக்காலத்தில் மாலைதீவு, பூட்டான், பங்களாதேஷ், இலங்கை என்று வரிசையாக வந்தது. ஒவ்வொரு நாடும் தனித்தனியே உட்கார்ந்து பேசியது. அந்த நிறுவனத்துக்கு நாம் ஒவ்வொருவரும் ஒரு சின்னச் சந்தை. சேர்ந்து போயிருந்தால் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு தனிவிலை கேட்டிருக்கலாம். கூட்டாகச் சாமான் வாங்கினால் விலை குறையும் என்பது புறக்கோட்டை வியாபாரிக்குத் தெரியும், நம் வெளிநாட்டமைச்சுகளுக்கும் தெரியாமல் இருக்காது.

ரோமிங்கும் அப்படித்தான். கென்யா, உகாண்டா, ருவாண்டா 2014 இல் தங்களுக்குள் ரோமிங் கட்டணத்தை வெட்டிவிட்டன. எல்லை தாண்டிய அழைப்புகள் பல மடங்கு கூடின. இங்கிருந்து சென்னைக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம். வைத்தியத்துக்குப் போகிற ஒரு குடும்பம் இறங்கியவுடன் புதுச் சிம் தேடி அலைகிறது. போன் வழியாகப் பணம் கட்டும் இந்திய முறையான யூபிஐ 2024 பெப்ரவரி 12 இல் இலங்கைக்கு வந்தது, இந்தியச் சுற்றுலாப் பயணி இங்கே கியூஆரை ஸ்கான் செய்து பணம் கட்டலாம். வரவேற்கிறேன். ஆனால் உல்லாசப் பயணிக்கு வழி திறந்த அதே வேகத்தில், சின்னத் தொகை அனுப்புகிற தொழிலாளிக்கும் கட்டணம் குறைந்த வழியொன்று திறக்க வேண்டும்.

தமிழுக்கு வருகிறேன், என் மனசுக்கு மிக நெருக்கமான விஷயம் இதுதான். தொண்ணூறுகளில் ஒவ்வொரு மென்பொருள்காரரும் ஒவ்வொரு குறியீட்டு முறை வைத்திருந்தார். சென்னையில் அடித்த கடிதம் கொழும்பில் திறக்காது, கொழும்பில் அடித்தது கோலாலம்பூரில் திறக்காது. 1997 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999 இல் சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை தரமாக ஏற்கப்பட்டது. 2000 இல் தமிழ்க் கணிமைக்கான உலகளாவிய அமைப்பான உத்தமம் உருவானது; இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, புலம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்தார்கள். சண்டை பிடித்தார்கள், வருடக்கணக்கில் வாதாடினார்கள், ஆனால் சேர்ந்து செய்தார்கள். இன்று .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்று மூன்று நாடுகளுக்குத் தமிழிலேயே இணைய முகவரி இருக்கிறது. அரசாங்கங்கள் முழுமனதோடு இறங்குவதற்கு முன்பே ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இவ்வளவு நடந்த பிறகும் நம் அலுவலகங்களில் பாமினியில் பட்டியல் அடிக்கிறார்கள் என்றால் அது தொழில்நுட்பக் குறை இல்லை, அக்கறைக் குறை.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கை நம்பி இனிப் பிரயோசனம் இல்லை. 2014 காத்மண்டுவுக்குப் பிறகு உச்சிமாநாடே கூடவில்லை. இந்தியா, பாகிஸ்தான் என்ற இரண்டு பெரிய நாடுகளின் மனஸ்தாபத்துக்கு மற்றவர்களின் பிள்ளைகள் ஏன் காத்திருக்க வேண்டும்? வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் இருக்கிறது. 2022 மார்ச்சில் கொழும்பு தலைமை தாங்கிய உச்சிமாநாட்டில், தொழில்நுட்பப் பரிமாற்ற நிலையம் ஒன்றைக் கொழும்பிலேயே அமைக்கக் கையெழுத்து வைத்தார்கள். அதைக் கையில் எடுப்போம். அந்த நிலையத்தின் முதல் வேலை பள்ளிக்கூட இணைப்புக்கான கூட்டுக் கொள்முதலாக இருக்கட்டும். இரண்டாவது, எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் பேசியே சேவை பெறக்கூடிய மொழிக் கருவிகள். வங்காளம், நேபாளி, சிங்களம், தமிழ் எல்லாவற்றுக்கும் இது தேவை.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் இதில் நேரடியாக ஒன்று கேட்கிறேன். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு கணினி இந்திய மொழிகளின் பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் திறந்த உரிமத்தில் வெளியிடுகிறது. பெரிய காரியம். அதற்குள் யாழ்ப்பாணத்துப் பேச்சும், மட்டக்களப்புப் பேச்சும், மலையகத்துப் பேச்சும், முஸ்லிம்களின் பேச்சும் போக வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் யாழ்ப்பாணம், கிழக்கு, மொரட்டுவைப் பல்கலைக்கழகங்களில் இதே வேலை செய்கிறவர்களோடு தொடர்புகொள்ளுங்கள். குரல் பதிவுக்கு ஆள் சேர்ப்பதும் தோட்டங்களுக்குக் கூட்டிப் போவதும் எங்கள் பொறுப்பு. உள்பெட்டியில் எழுதுங்கள்.