பெயிண்ட் அடித்தால் பூஞ்சை போய்விடுமாம்!

சுவரில் கறுப்பாகப் பூத்திருக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், எல்லோரிடமும் ஒரே பதில்தான். “ஜன்னலைத் திறந்து வைங்க.” திறந்துதான் ஐயா வைத்திருக்கிறேன்! மழை நாளில் திறந்தால் வெளி ஈரமும் உள்ளே வருகிறது, மூடினால் உள்ளே இருக்கிற ஈரம் போக வழியில்லை, இதில் நான் எந்தப் பக்கம் போவது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பீரோவை நகர்த்தினால்தான் அந்தச் சுவரின் லட்சணம் தெரியும். கூரையோடு சேரும் மூலையில் மை தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக ஆரம்பித்தது, அப்புறம் புள்ளியெல்லாம் சேர்ந்து ஒரே திட்டாகிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. தொட்டால் விரல் நுனி கறுக்கிறது. பெயிண்ட் கொப்பளித்திருக்கும் இடத்தில் நகம் பட்டால் காரையோடு சேர்ந்து உதிர்கிறது. பீரோவின் பின்பலகை ஊறி உப்பிவிட்டது, உள்ளே மடித்து வைத்த துணியெல்லாம் மக்கின வாடை, எத்தனை தடவை துவைத்தாலும் அந்த வாடை மட்டும் போவதாக இல்லை.

ஹவுஸ் ஓனர் வந்தார், மூக்கைச் சுளித்தார், “துணியை உள்ளேயே காயப்போடுறீங்களா?” என்று என்னை விசாரித்தார். சமையல், குளியல், உள்ளே காயும் துணி எல்லாமே வீட்டில் ஈரத்தைக் கூட்டும், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் அந்த ஈரம் ஜன்னல் கண்ணாடியில், குளியலறைக் கூரையில் என்று குளிர்ச்சியான இடமாகப் பார்த்துப் படியும். இங்கே மற்ற மூன்று சுவரும் சுத்தமாக இருக்க, மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் இறங்குகிற இந்த ஒரு சுவர் மட்டும் ஏன் சார் ஊறுகிறது? மேல் வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருந்தபோது கறை காயத் தொடங்கியது, திரும்பி வந்ததும் பழையபடி ஓதம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவரோ பதில் சொல்லாமல் பெயிண்டரை அனுப்பினார்.

பெயிண்டர் வந்து பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பூஞ்சையே வராத பெயிண்டாம், அதையும் அடித்துவிட்டுப் போனார். சுத்தமான, நன்றாகக் காய்ந்த சுவரில் மட்டும் அடிக்கவும் என்று அந்த டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது! ஈரச் சுவரில் அடித்தால் என்ன ஆகும்? அடுத்த மழைக்குள் பெயிண்டைத் தாண்டிக்கொண்டு மறுபடி எட்டிப் பார்த்தது.

அடுத்து வைத்தியம் சொல்கிறவர்கள். பிளீச் அடித்தால் கறுப்பு வெளுக்கும், சரி. காரைக்குள் ஊறிப்போனதை அது என்ன செய்யும்? செத்த பூஞ்சை கூட ஒவ்வாமையைக் கிளப்பும், அதனால் கொல்வது போதாது, அகற்ற வேண்டும். ஒருவர் பிளீச்சோடு வினிகரைக் கலந்து அடிக்கச் சொல்கிறார். கலந்தால் குளோரின் வாயு வரும் ஐயா, பூஞ்சைக்கு முன்னால் நான் போய்விடுவேன். இன்னொருவர் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஃபேனைச் சுழல விடச் சொல்கிறார், பூஞ்சையின் வித்துகள் வீடு முழுக்கப் பரவுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பயமுறுத்துகிறவர்கள் தனி ரகம். கொரோனா காலத்தில், 2021-இல், கறுப்புப் பூஞ்சை என்று செய்தியில் வந்ததே, அது இதுதான் என்கிறார்கள். அது மியூகோர்மைகோசிஸ் என்ற தொற்றுநோய், சுவரில் வருகிற இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது ஸ்டாக்கிபோட்ரிஸ் என்கிற நச்சுப் பூஞ்சை, பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்கிறார் வேறொருவர். கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர், ஆல்டர்னேரியா என்று மற்றப் பூஞ்சைகள் எல்லாமே கறுப்பாகத்தான் பூக்கும், நிறத்தை வைத்து எது என்று சொல்லவே முடியாது. சொல்லித்தான் என்ன செய்யப் போகிறோம்? எந்த ரகமானாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும், ஈரத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதற்காக இது ஒன்றுமில்லை என்று சிரிப்பவர்களையும் நான் விடப்போவதில்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எழுதி வைத்திருக்கிறது. ராத்திரி இருமுவது யார், அவர்களா?

நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. இந்தச் சுவர் என்றைக்குக் காய்ந்தது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. ஏனென்றால் டைல்ஸைப் பெயர்க்க வேண்டும், மேல் வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டும், காசு செலவாகும். பெயிண்ட் என்றால் ஒரே நாளில் வேலை முடிந்தது, அடுத்துக் குடிவருபவர் கண்ணுக்கும் தெரியாது.

முதலில் அந்தக் குழாயை மாற்றுங்கள். கெட்டுப்போன காரையைக் கொத்தி எடுங்கள், சுவரைக் காய விட்டுப் புதிதாகப் பூசுங்கள். அப்புறம் எந்தக் கலர் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதுவரைக்கும் ஷேட் கார்டைத் தூக்கிக்கொண்டு யாரும் என் வாசலுக்கு வர வேண்டாம்.